கார் ஏசிக்கு வீட்டிலேயே கேஸ் ஏற்றலாமா?

கேள்வி இதுதான். 2015 மாடல் பெட்ரோல் ஹேட்ச்பேக், போன கோடை வரை நன்றாகக் குளிர்ந்த ஏசி இந்த வருடம் மதிய நேரத்தில் வெறும் காற்றைத்தான் தருகிறது. பக்கத்து ஒர்க்‌ஷாப்பில் பானெட்டைக்கூடத் திறக்காமல் "கேஸ் போயிடுச்சு சார், அடிச்சிடலாம்" என்கிறார்கள். யூடியூபில் ஒருவர் ஒரு கேனை மாட்டி ஐந்து நிமிடத்தில் வேலையை முடித்துவிடுகிறார். அதே மாதிரி கேனும் மீட்டர் வைத்த ஹோஸும் ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கின்றன, நானே செய்துகொள்ளலாமா?

செய்யலாம், ஆனால் கேஸ் கொஞ்சம் குறைந்திருக்கிற காருக்கு மட்டும். காலியாகிப்போன சிஸ்டத்தை வீட்டில் ஒரு கேனை வைத்துக்கொண்டு நிரப்ப முடியாது, நிரப்பவும் கூடாது. உங்கள் கார் இந்த இரண்டில் எது என்று தெரியாமல் கேன் வாங்காதீர்கள். கார் ஏசி வேலையிலேயே இருப்பவன் என்பதால் இதைக் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், ஏனென்றால் தேவையில்லாமல் கேஸ் ஏற்றப்பட்டு கம்ப்ரசர் போன வண்டிகள்தான் அதிகம் வருகின்றன.

முதலில் ஒரு விஷயம். ஏசி கேஸ் பெட்ரோல் மாதிரி எரிந்து தீர்வதில்லை. கம்ப்ரசர், வெப்பத்தை வெளியேற்றும் முன்னாலுள்ள கண்டென்சர், கேஸைச் சிறு துளை வழியாக விரியவிடும் எக்ஸ்பேன்ஷன் வால்வு, டேஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயில், மறுபடி கம்ப்ரசர் என்று ஒரே கேஸ்தான் சுற்றிச் சுற்றி வருகிறது. குறைந்திருக்கிறது என்றால் எங்கேயோ வெளியேறியிருக்கிறது. ஆனால் வெளியேறுவதிலும் இரண்டு வகை உண்டு. ரப்பர் ஹோஸ் வழியாகவும் ஓ-ரிங் வழியாகவும் கம்ப்ரசர் ஷாஃப்ட் சீல் வழியாகவும் எந்த நல்ல காரிலும் வருடத்துக்குச் சில கிராம் போய்க்கொண்டேதான் இருக்கும். ஐரோப்பிய விதியே ஒற்றைக் கூலிங் காயில் உள்ள காருக்கு வருடத்துக்கு 40 கிராம் வரை அனுமதிக்கிறது. ஒரு ஹேட்ச்பேக்கில் மொத்தமே ஏறக்குறைய 350 முதல் 500 கிராம்தான் இருக்கும் என்பதால், ஏழெட்டு வருடம் கையே வைக்காத காரில் குளிர்ச்சி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைவது இயல்பு. அப்படிப்பட்ட காருக்கு டாப்-அப், அதாவது குறைந்த அளவை மட்டும் ஏற்றுவது, நியாயமான வேலை. அதுவே போன மாதம் கேஸ் அடித்து இந்த மாதம் போய்விட்டது என்றால் அது லீக். அதில் நீங்கள் ஏற்றும் ஒவ்வொரு கேனும் காற்றில்தான் கலக்கப்போகிறது.

அது கேஸ்தானா என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். குளிர்ச்சி குறைவதற்குக் கேஸ் தவிர வேறு காரணங்கள் நிறைய உண்டு, அதில் பாதி காசில்லாமல் சரியாகும். க்ளவ் பாக்ஸைக் கழற்றி கேபின் ஃபில்டரை வெளியே எடுங்கள். பல வண்டிகளில் அது காய்ந்த இலையும் தூசியுமாகக் கறுத்துப்போய் இருக்கும், ப்ளோயரை நான்கில் வைத்தாலும் காற்று வராது. காற்றே சரியாக வரவில்லை என்றால் அது கேஸ் பிரச்சினை கிடையாது. அப்புறம் ஏசியைப் போட்டுவிட்டு முன்னால் வந்து கண்டென்சர் ஃபேன் சுற்றுகிறதா என்று பாருங்கள். ஓடும்போது நன்றாகக் குளிர்ந்து, சிக்னலில் நின்றால் சூடான காற்று வருகிறது என்பவர்களில் நிறைய பேருக்கு ஃபேன் மோட்டாரோ அதன் ரிலேயோதான் போயிருக்கும், இல்லையென்றால் கண்டென்சர் முழுக்கச் சேறும் பூச்சியும் அடைத்திருக்கும். அப்படி வெப்பத்தை வெளியேற்ற முடியாத ஏசிக்குள் இன்னும் கேஸைத் திணித்தால் ஹை சைடு, அதாவது கம்ப்ரசரிலிருந்து கண்டென்சருக்குப் போகும் பக்கத்தின் பிரஷர் ஏறி நிலைமை இன்னும் மோசமாகும். கண்டென்சரை மெதுவான தண்ணீரில் கழுவுங்கள், பிரஷர் வாஷை நேராகப் பிடித்தால் அதன் மெல்லிய தகடுகள் மடங்கிவிடும்.

இன்னொரு வகை உண்டு. கிளம்பும்போது அருமையாகக் குளிரும், ஒரு மணி நேரம் ஓடியதும் காற்றே குறைந்துவிடும், பத்து நிமிடம் ஏசியை அணைத்து வைத்தால் மறுபடி வரும். இது கூலிங் காயிலில் ஐஸ் கட்டுவது. அடைத்த ஃபில்டரோ, காயில் வெப்பநிலையை அளக்கும் சென்சாரோ காரணமாக இருக்கலாம், கேஸ் குறைந்தாலும் இப்படி ஆவது உண்டு. இந்த அறிகுறியை மட்டும் நம்பிக் கேன் மாட்டாதீர்கள்.

இதெல்லாம் சரியாக இருந்தால், இஞ்சின் ஓட ஏசியை முழுக் குளிரில் வைத்து பானெட்டைத் திறந்து பாருங்கள். டேஷ்போர்டுக்குப் பின்னாலிருந்து கம்ப்ரசருக்குப் போகும் தடித்த அலுமினிய பைப்தான் லோ சைடு. கேஸ் சரியாக இருக்கிற காரில் அதைத் தொட்டால் சில்லென்று இருக்கும், சென்னை மாதிரி ஈரக் காற்றுள்ள ஊரில் வியர்த்துச் சொட்டும். கேஸ் குறைவான காரில் அது லேசாகத்தான் குளிரும். பழைய வகை க்ளட்ச் வைத்த கம்ப்ரசராக இருந்தால் டக் என்று ஒட்டி, சில நொடிகளிலேயே விட்டு, மறுபடி ஒட்டும். லோ சைடு பிரஷர் குறைந்ததும் ஸ்விட்ச் கம்ப்ரசரை நிறுத்திவிடுவதால் வருகிற சத்தம் அது. புதிய வேரியபிள் கம்ப்ரசர்களில் இந்தச் சத்தம் வராது, அதை வைத்து முடிவெடுக்க முடியாது.

அப்படியே கையோடு லீக் இருக்கிறதா என்றும் பாருங்கள். கேஸோடு ஏசி ஆயிலும் சேர்ந்து சுற்றுவதால், கேஸ் கசிகிற இடத்தில் ஆயிலும் மெல்ல வெளியே வரும், அதில் தூசி ஒட்டிக் கறுப்பாக ஒரு திட்டு உண்டாகும். பைப் கண்டென்சரில் சேரும் முனை, கம்ப்ரசரின் மூக்குப் பக்கம், முன் கிரில்லுக்குப் பின்னால் கல் அடிக்கிற இடம், இந்த மூன்றையும் டார்ச் அடித்துப் பாருங்கள். எண்ணெய்ப் பிசுக்கோடு கறுப்புத் திட்டு தெரிந்தால் கேன் வாங்கும் யோசனையை அங்கேயே விட்டுவிட்டு ஒர்க்‌ஷாப்புக்குப் போங்கள். சந்தேகமான முனையில் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்ப்பது நல்லதுதான், ஆனால் மெல்லிய லீக் அதில் தெரியாது. கூலிங் காயில் லீக் வீட்டில் சுத்தமாகத் தெரியாது.

இப்போது கேன் விஷயம். பானெட்டின் உள்பக்கத்திலோ ரேடியேட்டர் மேலே உள்ள பட்டையிலோ ஒரு ஸ்டிக்கர் இருக்கும், அதில் எந்த கேஸ், எத்தனை கிராம் என்று போட்டிருக்கும். நம் ஊரில் ஓடும் பெரும்பாலான கார்களில் ஆர்-134ஏ. ஐரோப்பாவில் 2017-லிருந்து விற்கும் புதிய கார்களில் அதைப் போட முடியாது, அதனால் அங்கே ஆர்-1234ஒய்எஃப் வந்துவிட்டது, இங்கேயும் சில புதிய மாடல்களில் அது இருக்கிறது. அது லேசாகத் தீப்பிடிக்கும் தன்மை உள்ளது, கேன் முனையும் வேறு, விலையும் பல மடங்கு. ஸ்டிக்கரில் அந்தப் பெயர் இருந்தால் வீட்டில் கை வைக்க வேண்டாம். ஹைப்ரிட், எலக்ட்ரிக் கார்களுக்கும் இதே பதில்தான், இன்னும் அழுத்தமாக. அவற்றின் கம்ப்ரசருக்குள்ளேயே ஹை வோல்டேஜ் மோட்டார் இருக்கிறது. அதற்கு மின்சாரம் கடத்தாத தனி ஆயில் வேண்டும். சாதாரண கார்களின் பிஏஜி ஆயில் கலந்த கேனை அதில் மாட்டினால் இன்சுலேஷன் கெட்டு, கம்ப்ரசரையே மாற்ற வேண்டிவரும்.

கேன் வாங்கும்போது வெறும் ஆர்-134ஏ மட்டும் இருக்கிற கேனைப் பாருங்கள். 'லீக் ஸ்டாப்' கலந்தது வேண்டவே வேண்டாம். லீக்கை அடைக்கும் என்று விற்கிற அந்தப் பசை எக்ஸ்பேன்ஷன் வால்வையும் அடைக்கும், நாளைக்கு ஒர்க்‌ஷாப்பில் கேஸை உறிஞ்சி எடுக்கும் மெஷினையும் கெடுக்கும். விஷயம் தெரிந்த ஒர்க்‌ஷாப் அந்த வண்டியைத் தொடவே யோசிக்கும். அதே போல, நம்பமுடியாத குறைந்த விலைக்கு விற்கும் பெயர் தெரியாத கேனை வாங்காதீர்கள். போலி கேஸ் என்பது குளிர்ச்சி குறைகிற விஷயத்தோடு முடிவதில்லை. 2011-ல் வியட்நாமில் சர்வீஸ் செய்யப்பட்ட குளிர்பதனக் கப்பல் கண்டெய்னர்கள் வெடித்துத் தொழிலாளர்கள் இறந்தார்கள். ஆர்-134ஏ என்ற பெயரில் மெத்தில் குளோரைடு கலந்த கேஸ் உள்ளே போயிருந்தது, அது அலுமினியத்தோடு வினைபுரிந்து, காற்றுப் பட்டாலே பற்றிக்கொள்ளும் ஒரு சேர்மத்தை உண்டாக்கும். உங்கள் காரின் கண்டென்சரும் கூலிங் காயிலும் அலுமினியம்தான். சிலர் சமையல் கேஸ் மாதிரியான ஹைட்ரோகார்பனை ஏற்றிவிட்டு 'கூலிங் சூப்பர்' என்பார்கள். குளிரத்தான் செய்யும், ஆனால் கூலிங் காயில் லீக் ஆனால் அது வருவது நீங்களும் பிள்ளைகளும் உட்கார்ந்திருக்கும் மூடிய கேபினுக்குள்.

எல்லோரும் சறுக்குகிற இடம் அந்தக் கேன் ஹோஸில் இருக்கும் மீட்டர். பச்சைக்குள் முள் வந்தால் சரி என்று நினைக்கிறார்கள். மீட்டர் காட்டுவது பிரஷரை, கேஸின் அளவை அது காட்டாது. வீட்டு சிலிண்டரை நினைத்துப் பாருங்கள், கடைசி நாள் வரை அடுப்பு ஒரே மாதிரி எரிகிறது, எவ்வளவு மீதி இருக்கிறது என்பதைத் தீயைப் பார்த்துச் சொல்ல முடியாது, தூக்கித்தான் பார்க்க வேண்டும். உள்ளே கொஞ்சம் திரவம் இருக்கும் வரை பிரஷரைத் தீர்மானிப்பது வெப்பநிலை. இஞ்சின் ஓடாத நிலையில் 30 டிகிரியில் ஆர்-134ஏ சிஸ்டம் ஏறக்குறைய 97 பிஎஸ்ஐ காட்டும், 35 டிகிரியில் 114 பக்கம் காட்டும், உள்ளே 200 கிராம் இருந்தாலும் சரி 400 இருந்தாலும் சரி. அப்போது முள் சிவப்பில் நிற்பதைப் பார்த்து பயப்பட வேண்டாம்.

ஆனால் இதே விஷயம் உங்களுக்கு ஒரு நல்ல சோதனையைத் தருகிறது. காலையில் வண்டியை எடுப்பதற்கு முன், கேனைத் திறக்காமல் ஹோஸை மட்டும் லோ சைடில் மாட்டி முள்ளைப் பாருங்கள். 30 டிகிரியில் 97 பக்கம் இருந்தால் உள்ளே கணிசமாக கேஸ் இருக்கிறது, டாப்-அப் பற்றி யோசிக்கலாம். 40, 50 என்று காட்டினால் திரவம் எதுவும் மிச்சமில்லை, சிஸ்டம் கிட்டத்தட்ட காலி. சுழியம் என்றால் உள்ளே வெளிக்காற்றும் ஈரமும் போயிருக்கும். காலியான சிஸ்டத்தை முதலில் வேக்யூம் பம்ப் வைத்து அரை மணி நேரத்துக்கும் மேல் இழுக்க வேண்டும், காற்று போவதற்கு மட்டுமில்லை, உள்ளே இருக்கும் ஈரம் அந்தக் குறைந்த அழுத்தத்தில் ஆவியாகி வெளியேறுவதற்கும்தான். ஈரம் தங்கினால் கேஸோடும் ஆயிலோடும் சேர்ந்து அமிலமாகி உலோகத்தை அரிக்கும், எக்ஸ்பேன்ஷன் வால்வின் சிறு துளையில் ஐஸாகியும் அடைக்கும். இது கேனால் ஆகாத வேலை.

சரி, முள் நன்றாக நிற்கிறது, லீக் தெரியவில்லை, கார் பழையது, குளிர்ச்சி மெல்ல மெல்லத்தான் குறைந்தது. ஏற்றலாம். திறந்த வெளியில், நிழலில் நிறுத்துங்கள். இந்த கேஸ் காற்றைவிடக் கனமானது, மூடிய ஷெட்டில் கசிந்தால் தரையோடு தங்கி மூச்சை முட்டவைக்கும். பக்கத்தில் சிகரெட்டோ நெருப்போ வேண்டாம், இது தீயில் பட்டால் நுரையீரலை அரிக்கும் நச்சுப் புகையாகும். திரவமாகத் தெறித்தால் மைனஸ் 26 டிகிரியில் கொதிக்கிற பொருள் இது, கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். கண்ணாடியும் தடித்த கையுறையும் போடாமல் ஆரம்பிக்காதீர்கள். சட்டைக் கை, துப்பட்டா, ஹோஸ் எதுவும் பெல்ட் பக்கமோ ஃபேன் பக்கமோ தொங்கக் கூடாது, அந்த ஃபேன் எப்போது வேண்டுமானாலும் தானாகச் சுற்றத் தொடங்கும்.

ஆர்-134ஏ கார்களில் லோ சைடு முனை 13 மில்லிமீட்டர், ஹை சைடு முனை 16, அதனால் கேன் ஹோஸ் தவறான இடத்தில் சாதாரணமாக மாட்டாது. மாட்டவில்லை என்றால் அது தப்பான இடம், அடாப்டர் தேடி மாட்டிவிடாதீர்கள். நம் வெயிலில் ஹை சைடில் 200, 250 பிஎஸ்ஐக்கு மேல் ஓடும், அது கேனுக்குள் திரும்பினால் கேன் உங்கள் கையிலேயே வெடிக்கும்.

சமையலறைத் தராசு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள், இந்த வேலையில் மீட்டரைவிட அது முக்கியம். கேனை அதன் டாப்போடு (கேனைத் திறந்து மூட மேலே திருகும் குழாய் வால்வு) எடை போட்டுக் குறித்துவையுங்கள். துளைத்துத் திறக்கும் வகை டாப் என்றால் ஒருமுறை துளைத்த பிறகு டாப்பைக் கழற்ற முடியாது, கழற்றினால் முழு கேஸும் சீறி வெளியே வரும். ஹோஸைச் சிஸ்டத்தில் மாட்டுவதற்கு முன் கேன் பக்கத்திலிருந்து ஒரு நொடி கேஸை விட்டு உள்ளே இருக்கும் காற்றை வெளியேற்றுங்கள், இல்லையென்றால் அந்தக் காற்று நேராகக் கண்டென்சரில் போய் உட்காரும். இஞ்சினை ஓடவிட்டு, ஏசி முழுக் குளிர், ப்ளோயர் முழு வேகம், உள்காற்று சுழற்சி, கதவுகள் திறந்தபடி. ஒருவர் ஆக்ஸிலேட்டரை 1500 ஆர்பிஎம் பக்கம் பிடித்தால் நல்லது. நடு வென்ட்டில் ஒரு தெர்மாமீட்டரைச் செருகுங்கள்.

கேனை நேராக நிமிர்த்திப் பிடியுங்கள். வீடியோக்களில் தலைகீழாகக் கவிழ்ப்பார்கள், வேகமாக ஏறும் என்பதற்காக. கவிழ்த்தால் திரவம் போகும், கம்ப்ரசரால் திரவத்தை அழுத்த முடியாது, வால்வு தகடு உடைந்துவிடும். நிமிர்த்தி வைத்தால் கேன் சில்லிட்டு, ஏறுவது மெதுவாகும். அவசரப்படாமல் வெதுவெதுப்பான தண்ணீர்ப் பாத்திரத்தில் வைக்கலாம், கை பொறுக்கும் சூடு போதும். 50 டிகிரிக்கு மேல் எந்தக் கேனும் போகக் கூடாது, அடுப்பு, லைட்டர், வெயிலில் நிற்கும் காரின் டேஷ்போர்டு எதுவும் வேண்டாம்.

ஒரு முறைக்கு 30, 40 கிராம் விட்டு, மூடி, சில நிமிடம் ஓடவிட்டு, தெர்மாமீட்டரையும் தராசையும் பாருங்கள். கேஸ் குறைவுதான் காரணம் என்றால் முதல் இரண்டு முறையிலேயே வென்ட் வெப்பநிலை இறங்குவது தெரியும், அந்தத் தடித்த பைப் வியர்க்கத் தொடங்கும். வெப்பநிலை இறங்குவது நின்றதும் நிறுத்துங்கள். நம் ஊர் ஈரத்தில் வென்ட்டில் 10 டிகிரி பக்கம் வந்தாலே நல்ல ஏசி, வீடியோவில் 4 டிகிரி காட்டினார்கள் என்பதற்காக ஏற்றிக்கொண்டே போகாதீர்கள். ஏறக்குறைய 100 கிராம் போன பிறகும் ஒரு மாற்றமும் இல்லையென்றால் அது கேஸ் பிரச்சினை இல்லை, கழற்றிவிடுங்கள். கூடுதலாக ஏற்றினால் கண்டென்சரில் திரவம் தேங்கி, பிரஷர் ஏறி, குளிர்ச்சி குறையும். குளிர்ச்சி குறைவதைப் பார்த்து இன்னும் கொஞ்சம் ஏற்றுவார்கள், அப்படித்தான் நல்ல கம்ப்ரசர் போகிறது. ஸ்டிக்கரில் 400 கிராம் என்றால் அது 400 தான்.

முடிந்ததும் கேனை மூடி, ஹோஸைக் கழற்றி, அந்த முனையில் ஒரு சொட்டு சோப்புத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். குமிழ் வந்தால் உள்ளிருக்கும் வால்வு கசிகிறது. பிளாஸ்டிக் மூடியை மறக்காமல் திருகுங்கள், அதற்குள் இருக்கும் ரப்பர் வளையம்தான் கசிவைத் தடுக்கும் முக்கியமான சீல். மூடி காணாமல் போன வண்டிகளில் வருடக்கணக்காக அங்கேயே கேஸ் போய்க்கொண்டிருப்பதைப் பார்க்கலாம். கேனில் மீதி இருந்தால் டாப்போடு நிழலில் வையுங்கள், காற்றில் திறந்துவிடாதீர்கள். ஆர்-134ஏ பூமியைச் சூடாக்கும் திறன் கார்பன் டை ஆக்சைடைப்போல 1430 மடங்கு. ஒரு 450 கிராம் கேனை வெளியே விடுவது ஏறக்குறைய 280 லிட்டர் பெட்ரோலை எரிப்பதற்குச் சமம். மொத்தமும் திறந்துவிட்டுப் புதிதாக அடிக்கலாம் என்று சொல்கிற கடையில் எனக்கு உடன்பாடே கிடையாது, உறிஞ்சி எடுத்து வைக்கும் மெஷின் இருக்கிறது, அது இருக்கிற கடைக்குப் போங்கள்.

நீங்கள் பார்த்த வீடியோ பெரும்பாலும் அமெரிக்காவுடையதாக இருக்கும். அங்கே தொழிலாகச் செய்கிறவர்களுக்குச் சான்றிதழ் வேண்டும், ஆனால் தன் காருக்குச் சிறு கேன் வாங்க யாரையும் அனுமதிக்கிறார்கள், 2018-லிருந்து அந்தக் கேன்களில் தானாக மூடிக்கொள்ளும் வால்வு கட்டாயம். ஐரோப்பாவில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடும் கேன் விற்பதற்கே 2007-லிருந்து தடை.

கேஸ் குறைந்த ஏசியை அப்படியே மாதக்கணக்கில் ஓட்டாதீர்கள் என்றும் சொல்ல வேண்டும். கம்ப்ரசருக்கு ஆயிலைத் திருப்பிக் கொண்டுவருவதே அந்த கேஸ்தான், குறைந்தால் கம்ப்ரசர் ஆயில் இல்லாமல் காய்ந்து ஜாம் ஆகும். சரிசெய்யும் வரை ஏசி பட்டனை அணைத்தே வையுங்கள்.

ஒர்க்‌ஷாப்புக்குப் போவதாக முடிவு செய்தால், கேஸ் அடிக்கும் முன் நைட்ரஜன் ஏற்றி லீக் பார்க்கச் சொல்லுங்கள். லீக் சரியான பிறகு வேக்யூம் எவ்வளவு நேரம் இழுத்தார்கள், இழுத்து நிறுத்திய பிறகு முள் அசையாமல் நின்றதா என்று பக்கத்தில் நின்று பாருங்கள். கேஸைத் தராசில் எடை போட்டு ஏற்றச் சொல்லுங்கள், மீட்டரைப் பார்த்துக் குத்துமதிப்பாக வேண்டாம். எத்தனை கிராம் என்று பில்லில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், வீட்டில் நீங்களே ஏற்றினாலும் தேதியும் கிராமும் வென்ட் வெப்பநிலையும் குறித்துவையுங்கள். ஒரு மாதம் கழித்து அதே நேரத்தில், அதே மாதிரி வெயிலில் தெர்மாமீட்டரை மறுபடி வைத்துப் பாருங்கள். நான்கைந்து டிகிரி ஏறியிருந்தால் அடுத்த கேன் வாங்காதீர்கள், லீக்கைத் தேடச் சொல்லுங்கள்.